கிழங்கானுக்கு மூங்கில் கம்பா, ஃபைபர் ராடா?

மண்டபம், பாம்பன் கரையில் நின்று தூண்டிலில் கிழங்கான், ஓரா மீன்களைப் பிடிக்க எதை வாங்குவது?

விலை: மூங்கில் மலிவு. ஃபைபர் ராடுக்கு நரம்பு (தூண்டில் நூல்) சுற்றும் ரீலும் சேர்த்து வாங்க வேண்டும்.

தூரம்: மூங்கிலில் கம்பு நீளமும் நரம்பு நீளமும் எட்டும் தூரம்தான். பாறையோர ஓராவுக்கு அது தாராளம். (ஓரா முள்ளில் விஷம் உண்டு, துணி சுற்றிப் பிடியுங்கள்.) கிழங்கான் மணல் தரையில் மேயும், அலை தாண்டி ஈயக் குண்டு கட்டிய நரம்பை எறிய ராடுதான் சரி. நுனி மெல்லியதாக இருந்தால் சின்னக் கடியும் கைக்குத் தெரியும்.

உழைப்பு: மூங்கில் வெடித்தால் வேறு வெட்டிக்கொள்ளலாம். ஃபைபர் துருப்பிடிக்காது, ஆனால் ரீலை உப்பு தின்றுவிடும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும்.

பிள்ளைகளுக்கும் பாறையோரத்துக்கும் மூங்கில். மணல் கரைக்கு ஏழெட்டு அடி லேசான ராடு. எதுவானாலும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் தூண்டில் போடாதீர்கள்.