991ல சால்வ் பட்டன்: வேலை செய்யும், ஆனா எங்க தேடணும்னு நீங்கதான் சொல்லணும்

கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ் கால்குலேட்டர் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. மேட்ரிக்ஸ், காம்ப்ளக்ஸ் நம்பர் பத்தியெல்லாம் ஊரே எழுதிடுச்சு, நான் சால்வ் பத்தி மட்டும் சொல்றேன், அதாவது ஈக்குவேஷன அடிச்சா எக்ஸ் எவ்வளவுன்னு கண்டுபிடிச்சு குடுக்குற வசதி.

எலக்ட்ரானிக்ஸ்ல டயோட் கணக்கு ஒண்ணு வரும்ல, 5 வோல்ட் சப்ளை, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சீரிஸ்ல ஒரு டயோட். ஈக்குவேஷன் எழுதுனா டயோட் வோல்டேஜ் (அதான் நம்ம எக்ஸ்) ஒரு தடவ வெளியயும் இன்னொரு தடவ இ-யோட (2.718ன்னு வர்ற எண்) அடுக்குலயும் உக்காந்திருக்கும், லாக் எடுத்து அத கீழ இறக்குனா வெளிய இருந்தது லாக்குக்குள்ள போய் மாட்டிக்கும், தலைகீழா நின்னாலும் தனியா பிரிக்க முடியாது. லாம்பர்ட் டபிள்யூ ஃபங்ஷன் வச்சு எழுதலாம், ஆனா அந்த பட்டன் இதுல கிடையாது.

அதனால சால்வ்தான். ஆல்ஃபா, கால்க் அமுக்குனா சமக்குறி வரும், ஈக்குவேஷன அப்படியே அடிச்சிட்டு ஷிஃப்ட், கால்க். எக்ஸுக்கு ஆரம்ப மதிப்பு கேக்கும், மேட்டரே இங்கதான் இருக்கு.

உள்ள ஓடுறது நியூட்டன் மெத்தட், நாம குடுக்குற மதிப்புல ஆரம்பிச்சு ஸ்டெப் ஸ்டெப்பா விடைய நோக்கி நகரும். சப்ளை 5 தானேன்னு 5 குடுத்தீங்கன்னா, தெர்மல் வோல்டேஜ் (அடுக்குல டயோட் வோல்டேஜ வகுக்குற எண்) 0.025ன்னு வச்சா இ-யோட அடுக்கு 200 ஆயிடும், அங்கருந்து நியூட்டன் ஸ்டெப்புக்கு 0.025 தான் இறங்கும், பேப்பர்ல போட்டு பாத்தேன் 170 ஸ்டெப்புக்கு மேல வருது. சரி 0 குடுப்போம்னா, அங்க டயோட் கரண்டே இல்ல, முதல் தாவல்லயே 5க்கு போய் மறுபடி அதே படிக்கட்டு! சிலிக்கான் டயோட் 0.6 பக்கம்தான் இருக்கும்னு தெரிஞ்சு 0.6 குடுத்தா டக்குனு 0.5554 வோல்ட், கரண்ட் 4.44 மில்லிஆம்பியர் (சாச்சுரேஷன் கரண்ட், அதாவது ஈக்குவேஷன்ல இ-க்கு முன்னாடி பெருக்குற டயோடோட சொந்த எண், 1 பிக்கோஆம்பியர்னு எடுத்தேன்). ஆக பாதி விடை நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

இன்னொண்ணு, ஒரு தடவைக்கு ஒரு விடைதான் தரும். 2 பவர் எக்ஸ் = எக்ஸ் ஸ்கொயர் எடுத்துக்கோங்க, 2ம் 4ம் வாயாலயே சொல்லிடலாம், மைனஸ் பக்கம் -0.7667ன்னு மூணாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. 5ல ஆரம்பிச்சிட்டு 4 வந்ததும் மூடி வச்சிட்டீங்கன்னா மத்த ரெண்டும் போச்சு, மார்க்கும் போச்சு. நான் இப்பல்லாம் முதல்ல டேபிள் மோட் போயிடுவேன், ரெண்டு ஃபங்ஷனும் பக்கத்து பக்கத்துல வரும். எக்ஸ் -1ல 0.5, 1. 0ல 1, 0. பெருசு சிறுசு இடம் மாறிடுச்சுல்ல, அப்ப நடுவுல ஒண்ணு இருக்கு, அங்க போய் சால்வ்.

விடைக்கு கீழ எல் மைனஸ் ஆர்னு (சமக்குறிக்கு இடது பக்கம் மைனஸ் வலது பக்கம்) ஒரு வரி காட்டும், அது 0 இல்ல, 0க்கு ரொம்ப பக்கத்துலயும் இல்லன்னா அந்த விடைய நம்பாதீங்க.

பழைய 991எம்எஸ் வச்சிருக்கவங்க இதுக்காக மட்டும் மாத்த வேணாம், அதுலயும் சால்வ் இருக்கு. என்ன, ஈக்குவேஷன் ஒரே வரில ஓடும், பிராக்கெட் எங்க மூடுனோம்னு தேடிட்டு இருக்கணும்.