கேனன் சண்டைக்கு வூக்கிபீடியா

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எது கேனன் (அதாவது அதிகாரபூர்வக் கதை), எது இல்லை என்ற சண்டை வந்தே தீரும். அந்தச் சண்டையை ஆதாரத்தோடு போட நான் நம்புவது வூக்கிபீடியாவைத்தான், 2005 முதல் ரசிகர்களே எழுதிவரும் இலவசக் கலைக்களஞ்சியம். 2014 ஏப்ரலில் ஸ்டார் வார்ஸ் தயாரிப்பு நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் பழைய நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கிவிட்டு, அப்போதிருந்த ஆறு படங்களையும் குளோன் வார்ஸ் அனிமேஷன் தொடரையும் கேனனாக வைத்துக்கொண்டது இல்லையா, அதை இவர்கள் கையாண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: எதையும் அழிக்கவில்லை, ஒரே பாத்திரத்துக்குக் கேனன் ஒரு பக்கம், லெஜண்ட்ஸ் ஒரு பக்கம். சூபக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் வந்த நாவலில் நிலவு ஒன்று கிரகத்தில் மோதும்போது செத்துப்போகிறார்; கேனனில் 2019 படம் முடியும்போதும் உயிரோடு இருக்கிறார். இரண்டுமே மூலத்தோடு, அடிக்குறிப்போடு கிடைக்கும். வில்லன் த்ரான் 1991 நாவலில் பிறந்து, 2014இல் வெளியே போய், 2016இல் ரெபல்ஸ் அனிமேஷன் தொடர் வழியாகக் கேனனுக்குள் திரும்பிய கதையும் அப்படித்தான்.

குறை என்றால், விளம்பரங்கள் அதிகம். அப்புறம், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதல் பத்தியிலேயே முடிவு தெரிந்துவிடும், அதனால் படத்தையோ தொடரையோ பார்த்து முடித்த பிறகு உள்ளே போங்கள்.