கடலோர நகரத்துக் கிணறுகளும் ஒரு சோதனைப் பெட்டியும்

கடலோரப் பெருநகரம் ஒன்றில் நிலத்தடி நீரை நம்பி வாழ்பவர்கள் ஏதேனும் ஒரு கோடையில் கேட்டே தீரும் கேள்வி, ‘இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?’ என்பது. அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே விடை காணலாம் என்ற உறுதிமொழியுடன் விற்கப்படும் கையடக்க நீர்ச் சோதனைப் பெட்டி ஒன்றை, அக்கம்பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் ஓராண்டுக்கும் மேலாக மாதந்தோறும் பயன்படுத்தியிருக்கிறேன். பெட்டி அந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் தருகிறது. ஆனால் அதனுள் இருக்கும் ஒரு சிறு குப்பி, தயாரிப்பாளர் விளம்பரப்படுத்தாத வேறொரு வேலையை மிக நன்றாகச் செய்கிறது: கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. வட்டார அளவில் நீரைக் காக்கத் திட்டமிடுபவர்களுக்குத் தேவைப்படுவது அந்தத் தகவலே.

பெட்டியில் நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருளின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டர், உப்பின் கூறான குளோரைடுக்கும் கடினத்தன்மைக்கும் சொட்டு முறையில் சோதிக்கும் வினைபொருள் குப்பிகள், நைட்ரேட் பட்டைகள், கிருமிச் சோதனைக்கான ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகள், ஒரு பதிவு அட்டை ஆகியவை உள்ளன. கடினத்தன்மைச் சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடம் பளிச்சென்று தெரிகிறது.

பலரும் முதலில் கையில் எடுப்பது டிடிஎஸ் மீட்டரை. அது கரைந்துள்ள திடப்பொருளை எடைபோட்டுப் பார்ப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கெண் கருவிக்குக் கருவி மாறும். 2000 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறன் உள்ள ஒரே நீரை, 0.5 என்ற எண்ணைக் கொண்ட மீட்டர் 1000 என்றும் 0.7 என்ற எண்ணைக் கொண்ட மீட்டர் 1400 என்றும் காட்டும். இரண்டுமே பழுதில்லாத கருவிகள்தாம். இந்தப் பெட்டியின் கையேட்டில் பெருக்கெண் எது என்ற குறிப்பே இல்லை. 1413 மைக்ரோசீமென்ஸ் கொண்ட அளவுத்திருத்தக் கரைசலை நானே வாங்கிச் சோதித்துத்தான் அது 0.5 என்று அறிந்தேன். அண்டை வீட்டாருடைய எண்ணோடு தங்கள் எண்ணை ஒப்பிட்டு மகிழ்பவர்களும் கவலைப்படுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மேலும், மின்னூட்டம் இல்லாத எதுவும் இந்த மீட்டரின் கண்ணில் படாது. பூச்சிக்கொல்லி, எண்ணெய்க் கசிவு, நோய்க்கிருமி ஆகியவை கலந்த நீர் 200 என்ற அழகான எண்ணைக் காட்டக்கூடும். ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதைப் போலப் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டரின் கடைசி இலக்கம்கூட அசையாது.

இப்போது அந்தச் சிறு குப்பிக்கு வருகிறேன். குளோரைடுச் சோதனை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வகங்களில் நடைமுறையில் உள்ள மோர் முறையின் எளிய வடிவம். நீரில் சில சொட்டுப் பொட்டாசியம் குரோமேட்டை விட்டால் அது மஞ்சளாகும். பிறகு வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் வரை எண்ண வேண்டும். பொறுமையாக எண்ணுபவருக்கு இது தரும் விடை, பெட்டியில் உள்ள எல்லாவற்றிலும் நம்பகமானது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது. ஆகவே நூறு பங்கு நன்னீரில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே குளோரைடு சுமார் 190 மில்லிகிராம் உயர்ந்துவிடும். நாக்கு உப்பை உணரத் தொடங்குவது பொதுவாக 250 மில்லிகிராமை ஒட்டித்தான். கடல் வந்து சேர்ந்ததை நாக்குக்கு முன்பே சொட்டுக் கணக்கு அறிந்துகொள்கிறது என்பதால்தான் இந்தக் குப்பியைப் புகழ்கிறேன்.

குளோரைடு உயர்ந்தாலே கடல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கழிவுநீரிலும் குளோரைடு உண்டு. இங்கே நைட்ரேட் பட்டை கைகொடுக்கிறது: கடல்நீரில் நைட்ரேட் மிகக் குறைவு, கழிவுநீர் ஊறும் மண்ணிலோ அது மிகுந்திருக்கும். ஆகவே குளோரைடும் நைட்ரேட்டும் சேர்ந்து உயரும் கிணற்றில் கசியும் கழிவுநீர்த் தொட்டியையும், குளோரைடு மட்டும் உயரும் கிணற்றில் கடலையும் முதலில் சந்தேகிக்கலாம். ஆக்ஸிஜன் இல்லாத ஆழத்தில் நைட்ரேட் சிதைந்துபோகும் என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. இவ்வளவு பயனுள்ள பட்டையைத் தயாரிப்பாளர் ஓர் அலட்சியத்தால் கெடுத்திருக்கிறார். உறையில் உள்ள வண்ண அட்டவணை நைட்ரேட்டை நைட்ரஜனாக, அதாவது அதில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டுத் தருகிறது. கையேடோ 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பை, அது முழு நைட்ரேட்டின் எடையாகக் கணக்கிட்டது என்ற குறிப்பின்றி அப்படியே அச்சிட்டிருக்கிறது. பட்டையில் 20 என்று பார்த்து நிம்மதியடைபவர் உண்மையில் 88 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரைக் கையில் வைத்திருக்கிறார். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை உள்ள வீட்டில் இது சிறிய பிழை அல்ல.

ஹைட்ரஜன் சல்பைடு குப்பி, நீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து, மலக்கலப்போடு வரும் கிருமிகள் உண்டாக்கும் சல்பைடால் கறுக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை. பொதுவாக நல்லதே. எனினும் உவர்மண்ணிலும் கழிமுகச் சேற்றிலும் ஊறும் நீரில், மலக்கலப்பு இல்லாமலேயே சல்பைடு இருக்கக்கூடும். அங்கே குப்பி வீணாகக் கறுத்து மக்களைப் பயமுறுத்தும். கடலோரங்களில் விற்கப்படும் பெட்டியில் இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

என் பெரிய மனக்குறை பதிவு அட்டையைப் பற்றியது. அதில் தேதி, அளவு, ‘குடிக்கலாம் / குடிக்கக் கூடாது’ என்று மூன்றே கட்டங்கள். கிணறு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், மோட்டாரை எத்தனை நிமிடம் ஓடவிட்ட பிறகு நீர் பிடிக்கப்பட்டது, அப்போது கடல் ஏற்றமா வற்றமா, நீர்மட்டம் எத்தனை அடியில் நின்றது ஆகிய எதற்கும் இடமில்லை. இவை இல்லாத எண், அதை அளந்தவருக்கு அன்றைக்கு மட்டும் உதவும். வட்டாரத் திட்டம் வகுப்பவருக்கு அது வெறும் எண்.

நீர்மட்டத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நன்னீர் கடல்நீரைவிட இலேசானது என்பதால் கடலோர நிலத்தடியில் அது உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கைபென், ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் கணக்குப்படி, கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் அதற்குக் கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். ஓயாமல் இறைத்து அந்த ஒரு மீட்டரை இழந்தால், ஏட்டளவில், கீழிருந்து உவர்நீர் நாற்பது மீட்டர் எழும்பி வரும். அதற்குக் காலம் பிடிக்கும். எனவே குளோரைடு உயர்வதற்கு முன்பே நீர்மட்டம் சேதி சொல்லிவிடுகிறது. நுனியில் எடை கட்டிய அளவுக் கயிறு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருந்தால், மீட்டரைவிட அதுவே அதிகம் உதவியிருக்கும்.

எங்கே புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்குத் தடை விதிப்பது, எந்த ஏரியைக் கட்டடங்களிடமிருந்து காப்பது, எந்தத் தெருவுக்கு முதலில் கழிவுநீர்க் குழாய் போடுவது என்ற முடிவுகள் எல்லாம் இத்தகைய அளவுகள் ஆண்டுக்கணக்கில் ஒரே முறையில் சேர்ந்தால்தான் அடித்தளம் பெறுகின்றன. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி, சுத்திகரித்த கழிவுநீரைக் கடலோரக் கிணறுகளின் வழியே நிலத்தடியில் செலுத்திக் கடல்நீருக்குத் தடுப்பு அமைக்கும் வேலையை 1970-களின் நடுப்பகுதியிலேயே தொடங்கியது. அப்படியொரு தடுப்பை எங்கே அமைப்பது என்பதைத் தீர்மானிக்க, உவர்நீரின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு முரணையும் சொல்லாமல் விட முடியவில்லை. குளோரைடுச் சோதனையில் சேரும் மஞ்சள் குரோமேட் கழிவு நச்சுத்தன்மை கொண்டது. நீரைக் காக்க விற்கப்படும் பெட்டியின் கையேடு, அதை எங்கே கொட்டுவது என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் மூடியிட்ட புட்டியில் சேர்த்து, தெரிந்த கல்லூரி ஆய்வகம் ஒன்றில் ஒப்படைத்து வருகிறேன்.

தங்கள் வீட்டு நீர் குடிக்கத் தக்கதா என்று ஒரே ஒரு முறை அறிய விரும்புபவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்கள் நீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதே நல்லது. ஒரு குடியிருப்போ ஊர்க்குழுவோ தொடர்ந்து அளப்பதற்கென்றால் தாராளமாக வாங்கலாம், பதிவு அட்டையை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு நோட்டுப்புத்தகத்தில் சொந்தமாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளி நைட்ரேட் தீர்ந்தபோது குப்பியை மட்டும் தனியாகக் கேட்டேன். முழுப் பெட்டியாகத்தான் தருவோம் என்றார்கள். பழைய மீட்டர் நன்றாகவே வேலை செய்வதால் இரண்டாவது பெட்டியை வாங்கவில்லை. அளவு குறித்துத் தயாரித்த வெள்ளி நைட்ரேட் கரைசலை வேதிப்பொருள் கடையிலிருந்து வரவழைத்து, அதே பழைய சொட்டுக்குப்பியில் நிரப்பி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.