இணைந்த கட்டங்களின் நெடுவரிசை அகலம்: எக்ஸ்எஸ்எல்டியில் மூன்று வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றின் குலைக் கணக்கை எக்ஸ்எஸ்எல்டி (எக்ஸ்எம்எல் கோப்பை வேறு வடிவுக்கு மாற்றும் மொழி) கொண்டு எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து பிடிஎஃப் ஆக்கும் கிராணி (எழுத்தர்), அகலக் கணக்கைத் தவிர்க்க இயலாது. உலாவி அகலத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். பிடிஎஃப் உருவாக்கும் கருவியான அப்பாச்சி எஃப்ஓபியோ தானியங்கி அட்டவணை அமைப்பை ஆதரிப்பதில்லை என்பதால், ஒவ்வொரு நெடுவரிசையின் அகலத்தையும் நாமே கொடுக்க வேண்டும்.

முதல் வரிசையை மட்டும் பார்த்து, பல நெடுவரிசைகளில் பரவும் இணைந்த கட்டத்தின் அகலத்தைச் சமமாகப் பங்கிடுவது முதல் வழி. வேகமானதுதான், ஆனால் ‘முதல் வாரம்’ என்ற தலைப்பின் கீழ் வரும் குலை எண்ணிக்கைக்கும் எடைக்கும் ஒரே அகலம் பொருந்தாது.

இரண்டாவது, 1999இல் வெளிவந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 பதிப்பிலேயே இயல்வது: முந்தைய கட்டங்களின் கால்ஸ்பான் (ஒரு கட்டம் எத்தனை நெடுவரிசைகளில் பரவுகிறது என்ற எண்) மதிப்புகளைக் கூட்டி, கால்ஸ்பான் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்து, மேலும் ஒன்றைக் கூட்டினால் தொடக்க நெடுவரிசை கிடைத்துவிடும். ‘பெயர்’ என்ற கட்டம் ரோஸ்பானால் இரண்டு வரிசைகளுக்கு நீளும்போதுதான் இது தவறுகிறது. அடுத்த வரிசையில் ‘குலை’ இரண்டாம் நெடுவரிசையில் இருந்தாலும், கணக்கு அதனை முதலாவது என்கிறது. மேலிருந்து நீண்டு வரும் கட்டங்களைத் தன்னைத் தானே அழைக்கும் டெம்ப்ளேட் (எக்ஸ்எஸ்எல்டி நிரல்பகுதி) மூலம் சுமந்து செல்லலாம் என்றாலும், அத்தகைய நிரலைப் பின்னாளில் திருத்துவது பெரும் பாடு.

எனவே நான் பரிந்துரைப்பது மூன்றாவதையே. 2017இல் வந்த 3.0 பதிப்பின் இட்டரேட் கட்டளை, எந்த நெடுவரிசை இன்னும் எத்தனை வரிசைகளுக்கு நிரம்பியுள்ளது என்ற பட்டியலை வரிசைக்கு வரிசை கொண்டு செல்கிறது. எக்ஸ்எஸ்எல்டியை இயக்கும் சாக்சன் மென்பொருளின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும். முதல் சுற்றில் எல்லாக் கட்டங்களுக்கும் நெடுவரிசை எண் இட்டபின், இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு நெடுவரிசையிலும் தனிக் கட்டங்களின் மிகப் பெரிய அகலத்தை எடுத்துக்கொண்டு, இணைந்த கட்டங்களைக் குறைந்த நெடுவரிசைகளை இணைப்பவற்றிலிருந்து தொடங்கிப் பார்த்து, அவற்றுக்குப் பற்றாத அகலத்தை நெடுவரிசைகளின் அகல விகிதப்படி பகிர வேண்டும்.

தமிழில் இங்கே தனிக் கவனம் தேவை. ‘முதல் வாரம்’ என்பதை, குறிகளை எண்ணும் ஸ்ட்ரிங்-லெங்த் என்ற செயற்கூறு 11 என்று எண்ணுகிறது. கீழே ‘1240’, ‘18.65’ இரண்டும் சேர்ந்து 9தான் என்பதால் 2 பற்றாக்குறை தெரிகிறது. அது முழுவதும் ‘ல்’, ‘ம்’ ஆகியவற்றின் மேலுள்ள, தனி இடம் பிடிக்காத இரண்டு புள்ளிகளால் வந்தது. குறிகளை மாற்றவோ நீக்கவோ உதவும் டிரான்ஸ்லேட் செயற்கூறு கொண்டு அவற்றை நீக்கினால் தலைப்பும் 9 ஆகிவிடும். எழுத்துருவின் உண்மை அகலத்தை எக்ஸ்எஸ்எல்டி அறியாது என்பதால் இதுவும் தோராயமே. எக்ஸ்எஸ்எல்டிபிராக் போன்ற 1.0 கருவியை விட முடியாதவர்கள், அகலங்களை மூலக் கோப்பிலேயே எழுதிவிடலாம்.