மின்சுற்று வரைபட ஏற்றுமதி: பெருக்கெண்ணா, தாளுக்குப் பொருத்தலா, டிபிஐயா?

மின்னணு உறுப்புகளைப் பொருத்தும் அச்சுப்பலகையின் (பிசிபி) வரைபடத்துக்கு உண்மையான அளவு ஒன்று உண்டு. துளை 1 மி.மீ. என்றால் தாளிலும் அது 1 மி.மீ. ஆகவே இருக்க வேண்டும். மின்சுற்று வரைபடத்துக்கு அப்படிப்பட்ட அளவே கிடையாது, ஏனெனில் அதிலுள்ள மின்தடைச் சின்னத்தின் நீளம் வரைபவரின் வசதிக்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு மட்டுமே. ஆகையால், பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் குழு பயன்படுத்தும், மின்சுற்று வரைபடத்தைப் படக்கோப்பாக மாற்றித் தரும் சிறிய ஏற்றுமதிக் கருவியில் அளவுமாற்றத் தெரிவைச் சேர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, எதை அளவுகோலாகக் கொள்வது என்பதே முதல் கேள்வியாயிற்று. எழுத்தின் உயரத்தைத்தான் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

தாளின் அகலத்துக்குப் பொருத்தும் வழிக்கே தொடக்கத்தில் ஆதரவு மிகுதியாக இருந்தது. பயனர் எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை என்பது அதன் கவர்ச்சி. ஆனால் ஏ4 தாளில் இருபுறமும் 25 மி.மீ. ஓரம் விட்டால் எஞ்சுவது 160 மி.மீ.; அதில் 80 மி.மீ. அகலமுள்ள சிறு சுற்று இரு மடங்காகப் பெரிதாகும், 240 மி.மீ. அகலமுள்ள பெரிய சுற்று மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். மின்சுற்று வரையப் பயன்படும் கிகேட் (KiCad) மென்பொருளில் எழுத்தின் இயல்பு உயரம் 1.27 மி.மீ.; எனவே அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒரே வகை எழுத்து ஓரிடத்தில் 2.54 மி.மீ. ஆகவும் மற்றோரிடத்தில் ஏறத்தாழ 0.85 மி.மீ. ஆகவும் நிற்கும். சுவரொட்டிக்கும் திரையில் காட்டும் படத்துக்கும் இது ஏற்றது, அறிக்கைக்கு ஏற்றதன்று.

பெருக்கெண் வழியில், அதாவது படத்தை எத்தனை மடங்காக்க வேண்டும் என்ற எண்ணைப் பயனரே தரும் வழியில், 0.8 என்று கொடுத்தால் எல்லாப் படங்களும் ஒரே விகிதத்தில் மாறுகின்றன. பெரிய சுற்று தாளை மீறினால், அதை இரண்டு தாள்களாகப் பிரிக்க வேண்டும் என்பதை வரைந்தவர் உடனே உணர்கிறார். இது குறையாகத் தோன்றினாலும் என் கண்ணுக்கு நன்மையே. இயல்பு மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய படங்கள் அனைத்தும் காரணமின்றி மாறிவிடும்.

டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற எண், உண்மையில் வேறொரு கேள்விக்கான விடை. 300 டிபிஐயில் ஏ4 தாள் 2480 × 3508 படப்புள்ளிகள் கொண்ட பிஎன்ஜி (PNG) படக்கோப்பாகிறது. 600 ஆக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகும், ஆனால் தாளில் படத்தின் அளவு அதேதான். கூர்மையையும் அளவையும் ஒரே தெரிவில் கலந்தால் குழப்பமே மிஞ்சும். படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளின் விவரமாகவே சேமிக்கும் எஸ்விஜி (SVG) கோப்பிலோ, அந்தத் திசையன் கோடுகளுக்கு டிபிஐ என்பதற்குப் பொருளே இல்லை.

பெருக்கெண்ணை எங்கே செலுத்துவது என்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. ஒவ்வோர் ஆயத்தொலைவையும் பெருக்கினால், தசமங்களைச் சுருக்கும்போது கம்பியின் நுனி சின்னத்தின் காலைத் தொடாமல் மயிரிழையில் விலகி நிற்கக்கூடும். படத்தின் உள் ஆயங்களின் எல்லையைக் குறிக்கும் எஸ்விஜியின் காட்சிப் பெட்டியை (viewBox) அப்படியே விட்டுவிட்டு, வெளி அளவைச் சொல்லும் அகலம், உயரம் என்ற இரண்டு எண்களை மட்டும் மாற்றினால் உள்ளே எதுவும் அசையாது. கோட்டுத் தடிமனும் எழுத்தும் சேர்ந்தே பெருகும். சில வரிகளில் முடியும் மாற்றம் இது. (இவ்வளவு கவனமாக அமைத்த படத்தையும், நகலெடுக்கும் கடைக்காரர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற பொத்தானைத் தட்டி மாற்றிவிடுவார், அச்சிடும்போது 100 விழுக்காடு என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.)

படத்தைச் சுற்றி வரையப்படும் தாளின் சட்டகம் மட்டும் இடறுகிறது. ஏ3 தாளில் வரைந்ததை 0.707 மடங்காக்கினால் அது ஏ4 தாளில் அடங்கும், எழுத்து 0.9 மி.மீ. அளவில் நிற்கும், ஆனால் மூலையிலுள்ள தலைப்புக் கட்டம் இன்னும் ‘ஏ3’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கிகேட்டின் கட்டளை வரியில் சட்டகத்தை விலக்கும் தெரிவு இருப்பதைப் போல, எங்கள் கருவியிலும் பெருக்கெண் 1 அல்லாதபோது சட்டகம் தானாகவே விலகுமாறு அமைக்கப் பரிந்துரைத்திருக்கிறேன்.