65 வயதுக்கு முன் ஓய்வு பெறுகிறீர்களா? போனில் இன்சூரன்ஸ் வாங்காதீர்கள்

நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். போன வருடம் மார்ச் கடைசியில், 62 வயதில் வேலையை விட்டேன். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 65-இல்தான் வரும். கம்பெனி இன்சூரன்ஸை 'கோப்ரா' என்ற சட்டப்படி 18 மாதம் தொடரலாம், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கும் நம் தலையில். எனக்கும் மனைவிக்கும் மாதம் 1,900 டாலர் என்று கடிதம் வந்தது. மலைத்துப்போய் இணையத்தில் தேடினேன், ஒரு படிவத்தில் போன் நம்பரைக் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். ஒபாமாகேர், அதாவது அரசு விதிகளுக்கு உட்பட்ட முழுக் காப்பீட்டுத் திட்டம்தான், எந்த மருத்துவமனையிலும் செல்லும், மாதம் 340 டாலர் என்றார். அப்புறம் சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று விசாரித்தார். அக்கறை என்று நினைத்து அப்போதே வாங்கிவிட்டேன். அந்தக் கேள்வி வந்த உடனே போனைத் துண்டித்திருக்க வேண்டும். உண்மையான ஒபாமாகேர் திட்டத்தில் பழைய நோயைக் காட்டி மறுக்கவோ விலையை ஏற்றவோ சட்டத்தில் இடமில்லை. வயது, ஊர், புகையிலைப் பழக்கம், மானியத்துக்கு வருமானம், இவை போன்றவற்றைத்தான் கேட்பார்கள்.

ஜூலையில் மனைவிக்குப் பித்தப்பை ஆபரேஷன். இரண்டு இரவு மருத்துவமனை, பில் 41,000 டாலர். பாலிசி தந்தது 1,000. செலவு எவ்வளவு ஆனாலும் நாளுக்கு 500 மட்டும் தரும் 'ஃபிக்ஸட் இண்டெம்னிட்டி' அது. பாலிசியின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை. விற்றவரின் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை.

சரி, உடனே நல்ல திட்டத்துக்கு மாறலாம் என்றால் அதுவும் முடியவில்லை. வேலை இன்சூரன்ஸ் போனதிலிருந்து 60 நாளுக்குள் ஒபாமாகேருக்கான அரசுத் தளமான ஹெல்த்கேர்.கவ்-இல் சேர்ந்திருக்க வேண்டும். அது மே மாதத்தோடு முடிந்திருந்தது. இந்த மாதிரி பாலிசியை ரத்து செய்தால் நடுவில் சேரப் புதிய வாய்ப்பு கிடைக்காது. வருடாந்திரப் பதிவு தொடங்கும் நவம்பர் 1 வரை காத்திருந்து பதிவு செய்தோம், ஜனவரி 1-இல்தான் காப்பீடு தொடங்கியது. அதுவரை வயிறு வலித்தால்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பில்லைத் தவணையில் கட்டி வருகிறோம்.

வேலை இன்சூரன்ஸ் போய் 60 நாள் ஆகாதவர்கள் இன்றே ஹெல்த்கேர்.கவ் தளத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். போனில் ஏற்கெனவே வாங்கியிருந்தால், பாலிசியில் நாளுக்கு இத்தனை டாலர் என்று எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.