சிக்கிய விண்டோஸ் அப்டேட்: துடைத்துப் பார்ப்பதா, மேலேயே நிறுவுவதா, ரீசெட்டா?

விண்டோஸ் அப்டேட் பாதியில் மாட்டிக்கொண்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வழி மூன்றுதான். ஒன்று, அப்டேட் இறங்கும் கோப்புறையைக் காலி செய்து, விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்துச் சீர்செய்யும் டிஸ்ம் (DISM), எஸ்எஃப்சி (SFC) என்ற இரண்டு கட்டளைகளை ஓட்டிப் பார்ப்பது. இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் மேலேயே விண்டோஸை மறுபடி நிறுவுவது. ரிப்பேர் இன்ஸ்டால் என்பார்கள். மூன்று, விண்டோஸைத் தொடக்க நிலைக்கே திருப்பும் ரீசெட்டைக் கொடுப்பது, அல்லது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது. ஒரு அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய், அதற்குப் பிறகு எந்த மாத அப்டேட்டும் ஏறமாட்டேன் என்று வீட்டுக் கணினி அடம்பிடித்தபோது நான் இரண்டாவதை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நிஜமாகவே சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். சதவீத எண் நகராமல் நின்றாலும் வட்டு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பழைய சுழலும் வட்டுள்ள கணினியில் அது மணிக்கணக்கில்கூட ஓடும். அதை அதன்போக்கில் விட்டுவிடலாம்.

அடுத்து, எங்கே நிற்கிறது என்பது முக்கியம். பதிவிறக்கத்திலேயே நின்றால் முதல் வழியே போதும், மற்ற இரண்டும் வீண் வேலை. விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் (பின்னணியில் கோப்புகளை இறக்கித் தருவது) என்ற இரண்டு சர்வீஸ்களையும் நிறுத்திவிட்டு, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்தால், விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். அப்டேட் வரலாற்றுப் பட்டியல் காலியாகத் தெரியும், அவ்வளவுதான் இழப்பு.

ஆனால் இறங்கி முடிந்து, மறுதொடக்கமும் ஆகி, ஒரு கட்டத்தில் ‘மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று பழைய நிலைக்கே போய்விடுகிறது என்றால் கதை வேறு. கோளாறு இறங்கிய கோப்பில் இல்லை. பெரும்பாலும் விண்டோஸ் தன் சொந்த உதிரிகளை வைத்திருக்கும் கிடங்கில், அதாவது வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையில் இருக்கும். மேலே சொன்ன துடைப்பு வேலை இந்தக் கிடங்கைத் தொடுவதே இல்லை. அதற்குத்தான் டிஸ்ம் கட்டளை. முதலில் டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி என்ற வரிசையில்தான் ஓட்ட வேண்டும். எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை அந்தக் கிடங்கிலிருந்துதான் எடுக்கிறது. கிடங்கே கெட்டிருக்கும்போது அதை முதலில் ஓட்டிப் பயனில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. வேறு இடம் காட்டாவிட்டால் டிஸ்ம் நல்ல கோப்புகளைத் தேடிப் போவது விண்டோஸ் அப்டேட்டிடம்தான். எது பழுதோ அதனிடமே மருந்து கேட்கிறது. ‘மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை’ என்று வந்து நின்றால், ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது விண்டோஸின் நிறுவல் வட்டு முழுவதையும் அடக்கிய ஒற்றைக் கோப்பை, இறக்கி அதைக் காட்டச் சொல்வார்கள். ஐஎஸ்ஓவே கைக்கு வந்தபிறகு நீளமான கட்டளைகளோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அதற்குள் இருக்கும் செட்டப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் முடிந்தது.

சரி, என் முடிவுக்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. இன்றிரவு எது சீக்கிரம் முடியும் என்று பார்ப்பதைவிட, அடுத்த மாதம் தானாக ஏறுமா என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அப்டேட் வந்துகொண்டேதான் இருக்கும். விண்டோஸ் 10 காலத்திலிருந்து ஒவ்வொரு மாத அப்டேட்டும் முந்தைய மாதங்களின் திருத்தங்களையும் சேர்த்தே கொண்டுவருகிறது. விட்டுப்போன மாதங்களுக்காகக் கவலைப்பட வேண்டாம் என்பது இதில் நல்ல செய்தி. கெட்ட செய்தி, கிடங்கில் ஒரு கோப்பு கெட்டிருந்தால் ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் என்பது. அப்டேட்டின் நிறுவல் கோப்பை (எம்எஸ்யூ என்பார்கள்) தனியாக இறக்கி ஏற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. இறக்கம் சிக்கியிருந்தால் அது உதவும். கிடங்கு கெட்டிருந்தால் அதுவும் அதே இடத்தில்தான் நிற்கும். ஒட்டுப்போட்டு இந்த மாதத்தைத் தாண்டிவிட்டு அடுத்த மாதம் மறுபடி உட்காருவது பராமரிப்பே ஆகாது. ரிப்பேர் இன்ஸ்டால் கிடங்கையே புதிதாக அமைத்துவிடுகிறது. உங்கள் கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் இருந்த இடத்தில் இருக்கும். ஐஎஸ்ஓ பெரும்பாலும் சில மாதம் பழையதாக இருக்கும் என்பதால், நிறுவி முடித்ததும் புதிய அப்டேட் ஒன்று வந்து நிற்கும். பழுது தீர்ந்ததா என்ற சோதனையும் அன்றே நடந்துவிடும்.

செய்யும்போது முக்கியமாகக் கவனம் வேண்டிய இடம் ஒன்று. எதையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று செட்டப் கேட்கும் திரையில், ‘கோப்புகளும் ஆப்களும்’ என்ற வரி தேர்வாகியிருக்க வேண்டும். அது மங்கலாக, சொடுக்க முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மொழிதான் காரணம். கணினியில் இருப்பது பிரிட்டன் ஆங்கிலம், ஐஎஸ்ஓ அமெரிக்க ஆங்கிலம் என்றால் விண்டோஸுக்கு அவை இரண்டு வேறு மொழிகள். ‘இங்கிலிஷ் இன்டர்நேஷனல்’ என்று தனியாக ஒரு ஐஎஸ்ஓ இருப்பது இதற்காகத்தான். விண்டோஸின் ஹோம், ப்ரோ என்ற வகைகளின் வேறுபாடும், நிறுவியிருப்பதைவிடப் பழைய பதிப்பின் ஐஎஸ்ஓவும் இதே வேலையைக் காட்டும். இன்னொன்று: தொடக்கத்தில் ‘அப்டேட்களையும் சேர்த்து இறக்கட்டுமா’ என்று கேட்கும்போது இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழுதான குழாயை அந்த நேரத்தில் திறப்பானேன்? வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ஐஎஸ்ஓகூட வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து அமைப்புகளில் ரிகவரி பக்கத்திலேயே, விண்டோஸ் அப்டேட் வழியாக மறுபடி நிறுவும் பொத்தான் ஒன்று சேர்ந்திருக்கிறது. கோப்புகள், ஆப்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இறக்கமே நடக்காத கணினியில் மட்டும் அந்தப் பொத்தானை நம்ப முடியாது. அங்கே ஐஎஸ்ஓதான்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். ரீசெட்டில் ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று கொடுத்தாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். எவை போயின என்று டெஸ்க்டாப்பில் ஒரு பட்டியலை விட்டுவைக்கும், அதைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுவ வேண்டியது நம் பாடு. தொலைந்த உரிமச் சாவிகள், பிரிண்டர் டிரைவர், பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அமைப்புகள் என்று வேலை இழுத்துக்கொண்டே போகும். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றாலோ, தீம்பொருள் புகுந்திருக்கிறது என்ற சந்தேகம் இருந்தாலோ இதுதான் சரி. ஓர் அப்டேட் ஏறவில்லை என்பதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ரிப்பேர் இன்ஸ்டாலும் சர்வரோக நிவாரணி இல்லை. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட் பல கணினிகளில் 80070643 என்று முடியும் பிழை எண்ணோடு நின்றது. மீட்புப் பகிர்வில், அதாவது விண்டோஸ் தன் மீட்புக் கருவிகளுக்கென வட்டில் ஒதுக்கியிருக்கும் பகுதியில், 250 எம்பி காலி இடம் இல்லாததுதான் காரணம். பகிர்வைப் பெரிதாக்குவதுதான் அதற்குத் தீர்வு. இடம் குறைவான கணினிகளிலும் யோசிக்க வேண்டும்: நிறுவி முடித்ததும் பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையில் உட்கார்ந்து பல ஜிபியை அடைத்துக்கொள்ளும். பத்து நாளில் தானாகப் போய்விடும். அதுவரை பழையதற்குத் திரும்பும் வசதியும் உண்டு. 32 ஜிபி சேமிப்பு மட்டுமே உள்ள சிறு மடிக்கணினியில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. அங்கே ரீசெட்டே எளிதாக இருக்கலாம்.

எந்த வழியானாலும், தொடங்குவதற்கு முன் விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து பிழைகள் வரிசையாக விழுகின்றனவா என்று பாருங்கள். 7 என்ற எண்ணுள்ள பிழை, வட்டில் கெட்ட பகுதி இருக்கிறது என்று பொருள். அது அடிக்கடி தென்பட்டால் விண்டோஸை விட்டுவிட்டு முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுங்கள். இந்த மூன்று வழிகளில் எதுவும் அந்த வட்டைக் காப்பாற்றாது.